இருளைத் தேடிச் சென்றவர்

ஹிஞ்சேவாடியில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில் நின்று, இரவு எட்டு மணிக்கு வானத்தை அண்ணாந்து பாருங்கள். எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன? நிலவு இல்லாத தெளிந்த இரவிலும் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மழைக்காலமாயின் அதுவும் இல்லை. ஊரின் விளக்கொளி எட்டாத ஓர் இடத்திலோ வெறுங்கண்ணுக்கே ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2,500 விண்மீன்கள் புலப்படும். அவை ஹிஞ்சேவாடியின் மேலும் இருக்கவே செய்கின்றன. அலுவலகக் கட்டடங்களும் சாலை விளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கிச் சிந்தும் ஒளி, காற்றிலுள்ள தூசியில் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்கிறது. அந்த வெளுப்பில் மங்கிய மீன்கள் கரைந்துபோகின்றன.

வானியலாளருக்குத் தொலைநோக்கியினும் முன்னதாக வேண்டப்படுவது இருள். அவ்விருளைத் தேடி மலை மலையாக ஏறி, இறுதியில் தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் அதனைக் கண்டெடுத்த ஒருவரின் வாழ்க்கை இப்பாடம். அவர் பெயர் வைணு பாப்பு.

மணலி கல்லட் வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. குடும்பத்தின் பூர்விகம் கேரளத்தின் தலச்சேரி. தந்தையார் பணிபுரிந்ததோ ஐதராபாத்தில். எனவே சென்னையில் பிறந்த மலையாளக் குழந்தை, உருதும் தெலுங்கும் ஒலிக்கும் நகரில் வளர்ந்தது. பெற்றோரின் பணியிடமே பிள்ளைகளின் ஊராகிவிடுவது இன்று நேற்று வந்த வழக்கம் அன்று. ஐதராபாத் அச்சிறுவனுக்கு அயலூராகவே நின்றுவிடவும் இல்லை. பின்னாளில் கவிஞர் காலிப்பின் உருதுக் கவிதைகளில் அவர் மனம் தோய்ந்தவர் என்பதை அவரோடு பழகியோர் அனைவரும் அறிவர்.

தந்தையார் பணிபுரிந்த இடம் பேகம்பேட்டையில் இருந்த நிஜாமியா வானாய்வகம். ஐதராபாத்தின் பிரபுக்களுள் ஒருவரான நவாப் ஜாபர் ஜங் என்பார், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கி வரவழைத்துத் தொடங்கிய நிலையம் அது. அவர் மறைந்தபின் நிஜாமின் அரசு அதனை ஏற்று நடத்தியது. அக்காலத்தில் உலகின் பல வானாய்வகங்கள் ஒன்றுகூடி, வானம் முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் பங்கினை ஒளிப்படம் எடுத்து விண்மீன் பட்டியல் தயாரித்து வந்தன. அப்பங்குகளுள் சில ஐதராபாத்துக்கும் வந்திருந்தன. கண்ணாடித் தகடுகளில் பதிந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்து, இடம் குறித்து, எண்ணிட்டு எழுதும் பணி அங்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பெரும் பொறுமையைக் கோரிய பணி அது. விண்மீன்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளரும் குழந்தைகள் பலர் உண்டு. விண்மீன்களை எண்ணி எழுதுவது ஒரு தொழில் என்பதைப் பார்த்து வளரும் வாய்ப்பு வெகுசிலருக்கே கிட்டும்.

ஐதராபாத்தின் நிஜாம் கல்லூரியில் பாப்பு இயற்பியல் பயின்றார். வானியலை அவர் கற்றது வகுப்பறையில் அன்று. கல்லூரி மாணவராக இருக்கும்போதே இரவுதோறும் வானத்தைப் பார்த்துக் குறிப்பெழுதும் பழக்கம் அவரிடம் வேரூன்றிவிட்டது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் மாறொளி விண்மீன்கள்.

விண்மீன்கள் யாவும் என்றும் ஒரே அளவில் ஒளிர்வன என்று நாம் எண்ணுகிறோம். அவ்வாறன்று. சில மீன்கள் நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஒளி கூடியும் குறைந்தும் வருகின்றன. திமிங்கில விண்மீன் குழுவில் உள்ள மீரா இவற்றுள் பெயர்பெற்றது. பொலிவுற்ற நாள்களில் அதனை வெறுங்கண்ணால் எளிதிற் காணலாம். பின்னர் அது மெல்ல மங்கித் தொலைநோக்கியின்றிக் காணவியலாத அளவுக்கு ஒடுங்கும். மீண்டும் வளரும். ஒரு சுற்று நிறைவுற ஏறத்தாழ 332 நாள்கள் ஆகும். நெடுங்கால மாறொளி மீன் என்று இத்தகையவற்றை வழங்குவர்.

இவற்றின் ஒளியைக் கண்ணால் அளக்க முடியுமா? முடியும். எடை தெரியாத பொருளை எடை தெரிந்த கற்களோடு ஒப்பிட்டு அறிவதைப் போன்றதே இம்முறை. அளக்கவேண்டிய மீனின் அருகே, ஒளி மாறாத, பொலிவின் அளவு முன்பே அறியப்பட்ட இரண்டு மீன்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று அளக்கப்படும் மீனைவிடச் சற்றே பொலிவு மிக்கதாகவும், மற்றொன்று சற்றே மங்கியதாகவும் இருத்தல் வேண்டும். நம் மீன் அவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறது? சரிபாதியிலா, பொலிவு மிக்கதை ஒட்டியா, மங்கியதை ஒட்டியா? இதனைக் கண்ணால் மதிப்பிட்டு, நாளும் நேரமும் குறித்து எழுதிவைக்க வேண்டும். செலவு ஏதும் இல்லை. ஆனால் ஓர் ஒழுங்கு கட்டாயம் உண்டு: முந்தைய இரவு எழுதிய அளவைப் புரட்டிப் பார்த்துவிட்டு இன்றைய அளவை எழுதலாகாது. மீன் மங்கிக்கொண்டிருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்ட கண், மங்கியிருப்பதாகவே காணும். கண்ட அளவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தாலும் கண்டதையே எழுத வேண்டும். நேர்மைக்கு இவ்வளவு நல்ல பயிற்சி வேறு பாடங்களில் கிடைப்பது கடினம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நெடுங்கால மாறொளி மீன்கள் பெரும்பாலும் செந்நிறம் உடையவை. ஒப்பிடப் பயன்படும் மீன்களோ வெண்மையாகவோ நீலமாகவோ இருக்கலாம். மங்கிய ஒளியில் மனிதக் கண், நீலத்தை உணரும் அளவுக்குச் சிவப்பை உணர்வதில்லை. அதே வேளையில், ஒரு செந்நிற மீனை இமைக்காமல் நெடுநேரம் உற்றுநோக்கினால் அது வரவரப் பொலிவு கூடுவதாகத் தோன்றும். ஆகவே ஒரே இரவில் ஒரே மீனைப் பார்த்த இருவர் வெவ்வேறு அளவுகளை எழுதக்கூடும். இருவருமே பொய் சொல்லவில்லை. அவர்களுடைய கண்கள்தாம் வேறுபடுகின்றன. மீனின் நிறம் கண்ணின் மதிப்பீட்டை எவ்வாறு திரிக்கிறது என்பதை மாணவர் பாப்பு ஆராய்ந்தார். அது பற்றிக் கட்டுரையும் எழுதி வெளியிட்டார். வானத்தை ஆராயப் புகுந்த இளைஞர், முதலில் தம் கண்ணையே ஆராய்ந்தார் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. நூலைப் படித்து மட்டும் கற்றவருக்கு விண்மீனின் பொலிவெண் தெரியும். இரவில் விழித்திருந்து கற்றவருக்கோ அவ்வெண்ணில் எங்கே பிழை நுழையும் என்பதும் தெரியும்.

அக்காலத்தில் இந்தியாவில் வானியலை உயர்கல்வியாகப் பயில வழிகள் மிகக் குறைவு. ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று, 1949-இல் பாப்பு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவரை எதிர்கொண்ட வானம் புதியது. ஐதராபாத்தில் அடிவானத்திலிருந்து 17 பாகை உயரத்தில் நிற்கும் துருவ விண்மீன், அங்கே 42 பாகை உயரத்திற்கு ஏறிவிட்டிருந்தது. நம் ஊர்களில் குளிர்கால இரவுகளில் தெற்கே சுடர்விடும் அகத்திய விண்மீன் அங்கே உதிப்பதே இல்லை. அவ்வளவு வடக்கே உள்ள ஓர் ஊருக்கு, அது எந்நாளும் அடிவானத்திற்குக் கீழேயே கிடக்கும். ஊரை விட்டுச் செல்பவர் வானத்திலும் ஒரு பகுதியை விட்டுச் செல்கிறார். தெற்கு வானம் வடக்கே உள்ளவர்களுக்குத் தெரியாது என்பது பாடநூலிலும் உள்ள செய்திதான். எனினும் பார்த்துப் பழகிய மீன் ஒன்று காணாமற்போவது, அச்செய்தியைப் படிப்பதினின்றும் வேறானது.

ஹார்வர்டில் சேர்ந்து சில மாதங்களே கழிந்திருந்தன. 1949 ஜூலை 2-ஆம் நாள் இரவு. பாப்புவுக்கு அப்போது வயது 21. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பணிகளுள் ஒன்றாக, வானத்தின் ஒரு பகுதி ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்யப்பட்டது. இக்காலக் கைப்பேசிப் படம் போன்றதன்று அது. வேதிப்பொருள் பூசிய கண்ணாடித் தகட்டைத் தொலைநோக்கியில் பொருத்தி, நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வதுபோலத் தோன்றும். ஆதலால் தொலைநோக்கியும் அவற்றோடு சேர்ந்து மெல்லத் திரும்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். பிறகு இருட்டறையில் தகட்டைக் கழுவ வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் ஆயிரக்கணக்கான மீன்கள் கூர்மையான கரும்புள்ளிகளாகத் தகட்டில் தோன்றும்.

அன்றைய தகட்டில் ஒரு புள்ளி மட்டும் கூர்மையாக இல்லை. மங்கலாகவும் சற்றே இழுபட்டதாகவும் இருந்தது. தகட்டின் குறையோ, தூசியோ, கழுவும்போது நேர்ந்த கறையோ என்று ஒதுக்கிவிடத்தக்க அளவே அது இருந்தது. பாப்பு ஒதுக்கவில்லை. விண்மீன்களோடு சேர்ந்து நகராமல் தனக்கென ஒரு வழியில் செல்லும் பொருள்தான் அவ்வாறு இழுபட்டுத் தோன்றும். ஆசிரியர் பார்ட் போக், உடன் பயின்ற கோர்டன் நியூகிர்க் ஆகிய இருவரும் அவருடன் சேர்ந்து அதனை ஆராய்ந்து உறுதிசெய்தனர். அதுவரை எவரும் கண்டறியாத ஒரு வால்மீன் அது. மூவர் பெயராலும் பாப்பு - போக் - நியூகிர்க் வால்மீன் என்று வழங்கலாயிற்று. கதிரவனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காகப் பசிபிக் வானியல் கழகம் பாப்புவுக்கு டோனஹோ வால்மீன் பதக்கம் வழங்கியது.

இதனை நற்பேறு என்று கூறுவோர் உண்டு. நற்பேறும் இருக்கலாம். ஆயின் மங்கிய புள்ளி ஒன்றைப் பார்த்ததும், அது மற்றவற்றைப் போல் இல்லை என்று நின்று நோக்கும் கண், ஒரே இரவில் வாய்ப்பதன்று. இரு மீன்களுக்கு இடையே மூன்றாவது மீனை வைத்து ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பழகிய கண் அது.

1952-இல் பாப்பு முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் ஓர் ஆய்வு உதவித்தொகை பெற்று, கலிபோர்னியாவின் பாலோமர் மலைக்குச் சென்றார். 200 அங்குல விட்டமுடைய ஆடியைக் கொண்ட, அந்நாளில் உலகிலேயே மிகப் பெரிய தொலைநோக்கி அங்கே இருந்தது. ஆலின் வில்சன் என்னும் வானியலாளருடன் இணைந்து பாப்பு செய்த ஆய்வே இன்றளவும் அவர் பெயரை நிலைநிறுத்துவது. தொலைவில் ஓர் ஒளி தெரிகிறது. அது பக்கத்தில் உள்ள சிறு அகல்விளக்கா, வெகு தொலைவில் உள்ள பெரிய மின்விளக்கா? வெறும் பொலிவைக் கொண்டு இதனைச் சொல்ல இயலாது. விண்மீன்களின் தொலைவை அறிவதில் உள்ள இடர் இதுவே. விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தில் பிரிப்பதுபோலப் பிரித்தால், வண்ணங்களுக்கு இடையே கருங்கோடுகள் தென்படும். அவற்றுள் சில சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தால் உண்டாவன. குறிப்பிட்ட சில வகை மீன்களில், அக்கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று காணப்படும். அக்கீற்று எவ்வளவு அகலமோ, அந்த மீனின் உண்மையான பொலிவும் அவ்வளவு மிகுதி என்று வில்சனும் பாப்புவும் 185 மீன்களை அளந்து காட்டினர். உண்மைப் பொலிவு தெரிந்தால் தொலைவு தானே தெரிந்துவிடும். 1957-இல் வெளியான இம்முடிவு 'வில்சன் - பாப்பு விளைவு' என்று உலகெங்கும் அழைக்கப்படுகிறது.

இந்த ஆய்வுக்கட்டுரை அச்சேறும் முன்பே பாப்பு இந்தியா திரும்பியிருந்தார். உலகின் மிகச் சிறந்த கருவிகளை இயக்கப் பழகிய இளைஞர், 1953-இல் அவற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். இங்கே இருந்த பெரிய தொலைநோக்கிகளோ அவர் பிறப்பதற்கு முன்பே வாங்கப்பட்டவை. அங்கேயே தங்கியிருந்தால் இன்னும் பல கண்டுபிடிப்புகள் அவர் பெயரில் இருந்திருக்கும் என்று கருதுவது தவறாகாது. அவர் கொடுத்த விலை சிறிதன்று. வாழ்வின் பிற்பகுதியில் தாம் பார்த்த நேரத்தைவிட, பிறர் பார்ப்பதற்கான இடத்தை அமைப்பதிலேயே அவர் மிகுந்த நேரத்தைச் செலவிட்டார்.

முதலில் உத்தரப்பிரதேச அரசின் வானாய்வகம். அது 1954-இல் வாரணாசியில் தொடங்கப்பட்டது. சமவெளி நகரின் ஒளியும் புழுதியும் வானியலுக்கு ஒவ்வா. மறு ஆண்டே அது இமயமலைச் சாரலில் உள்ள நைனிதாலுக்கு மாற்றப்பட்டது. 1960-இல் பாப்பு கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானலுக்கும் புனே நகருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1888-இல் புனே அறிவியல் கல்லூரியில் ஒரு வானாய்வகம் நிறுவப்பட்டது. பாவநகர் மன்னர் தக்தசிங்ஜியின் கொடையால் அமைந்தமையின் அது அவர் பெயரையே தாங்கியது. 20 அங்குல ஆடியுடைய அதன் தொலைநோக்கி அந்நாளில் இந்தியாவிலேயே பெரியது. பேராசிரியர் நாயகம்வாலா என்பவர் அதனைக் கட்டிக்காத்தார். 1912-இல் அவர் ஓய்வு பெற்றதும் வானாய்வகம் மூடப்பட்டது. தொலைநோக்கியும் பிற கருவிகளும் கொடைக்கானலுக்கு அனுப்பப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வந்து குடியேறியவர்கள் பலர். புனேயிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சென்று குடியேறிய தொலைநோக்கியைப் பற்றி அறிந்தவர் சிலரே.

கொடைக்கானல், கதிரவனை ஆராய்வதற்குப் புகழ்பெற்ற இடம். விண்மீன்களை ஆராய அது போதவில்லை. மலையை மூடும் மேகம் இரவுகளைப் பறித்துக்கொண்டது. ஆதலால் பாப்பு வேறிடம் தேடினார். இருள் வேண்டும். மேகம் குறைவாக இருத்தல் வேண்டும். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் வேண்டும்: இடம் தெற்கே அமைய வேண்டும். உலகின் பெரிய வானாய்வகங்களுள் பெரும்பாலானவை அந்நாளில் வடக்கே இருந்தன. அவற்றுக்குத் தெற்கு வானத்தின் பெரும்பகுதி மறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகே செல்லச் செல்ல இரு பக்கத்து வானங்களும் ஒருங்கே கண்ணுக்குப் புலப்படும். ஹார்வர்டின் வானத்தில் அகத்திய விண்மீனைக் காணாதவருக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பல இடங்களை ஆராய்ந்தபின் சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்துக்கு அருகே உள்ளது அது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். இமயத்தோடு ஒப்பிட்டால் ஒரு திட்டு என்றே சொல்லவேண்டும். எனினும் சுற்றிலும் காடு. பெருநகரங்கள் அருகில் இல்லை. அகலாங்கு 12½ பாகை. 1968-இல் அங்கே முதல் தொலைநோக்கி பணியைத் தொடங்கியது. 38 சென்டிமீட்டர் விட்டமுடைய அச்சிறு தொலைநோக்கி, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பெரிய கருவி வரும்வரை காத்திருப்போம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1972-இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தது. வந்த ஆண்டே, வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்ற அரிய நிகழ்ச்சி காவலூரில் பதிவாயிற்று. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வந்தது. கோள் மறைப்பதற்கு முன்பும் பின்பும் அந்த மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது உலகுக்குத் தெரியவந்தது அன்றுதான். அதனைப் பதிவுசெய்த சில இடங்களுள் காவலூரும் ஒன்று. ஒரு மீனின் ஒளி எப்போது, எவ்வளவு குறைந்தது என்று குறித்துவைக்கும் அதே பழைய வேலைதான். கண்ணுக்குப் பதில் கருவி என்பதே வேறுபாடு.

1971-இல் கொடைக்கானல் வானாய்வகத்தை உள்ளடக்கி இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்று உருவானது. பாப்பு அதன் முதல் இயக்குநர். பின்னர் அதன் தலைமையிடம் பெங்களூரில் அமைந்தது. 1979-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இத்தனைக்கும் நடுவே காவலூரில் மரம் நடுவதையும் அவர் விடவில்லை. மரங்கள் நிழலுக்கு மட்டும் ஆனவை அல்ல. பகலில் தரை சூடேறினால் இரவில் அதிலிருந்து எழும் காற்று விண்மீனின் உருவத்தை நடுங்கச் செய்யும். பசுமை போர்த்த தரை அந்நடுக்கத்தைத் தணிக்கும்.

அவருடைய பெருங்கனவு, ஒரு பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்வது. 2.34 மீட்டர் விட்டமுடைய அதன் ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகூட்டப்பட்டது. தேய்த்தல் என்றால் நாள்கணக்கில் முடிவதன்று. மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணிய பிழையும் இல்லாதபடி ஆண்டுக்கணக்கில் தேய்க்க வேண்டும். அவ்வாடியைத் தாங்கி வானத்தின் எத்திசைக்கும் துல்லியமாகத் திருப்பும் மாபெரும் இரும்பு உடல் எங்கே செய்யப்பட்டது என்று எண்ணுகிறீர்கள்? புனே மாவட்டத்தின் தென்கிழக்கே உள்ள வால்சந்த்நகரில். புனேயிலிருந்து ஒரு தொலைநோக்கி தமிழ்நாட்டுக்குச் சென்றது 1912-இல். அதனினும் பன்மடங்கு பெரிய ஒன்றின் உடல் அதே மாவட்டத்திலிருந்து மீண்டும் அவ்வழியே சென்றது.

தொலைநோக்கி நிறைவுறுவதைக் காண பாப்புவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1982 ஆகஸ்டுத் திங்களில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டில் கூடியது. அதற்குத் தலைமை தாங்கவேண்டிய அவர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் இதய அறுவை மருத்துவத்துக்குப்பின் நோயுற்றிருந்தார். பேரவை நடந்துகொண்டிருந்தபோதே, ஆகஸ்டு 19-ஆம் நாள் காலமானார். ஒன்பது நாள்களுக்கு முன்புதான் அவருக்கு 55 வயது நிறைந்திருந்தது.

1986 ஜனவரி 6-ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, அத்தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். ஹிஞ்சேவாடியின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா தாங்கியிருப்பது இதே தலைமை அமைச்சரின் பெயரையே. கதிரவனைச் சுற்றிவரும் 2596 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கும் பாப்புவின் பெயரே இடப்பட்டுள்ளது. 1988-இல் அவருடைய காவலூரிலிருந்து ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயரை வைத்தனர்.

சொல்லும் பொருளும்

மாறொளி விண்மீன் – ஒளி கூடியும் குறைந்தும் வரும் விண்மீன்
பொலிவு – ஒளியின் மிகுதி
ஒடுங்கும் – குறுகி அடங்கும்
பாகை – கோணத்தின் அளவு. முழு வட்டம் 360 பாகை
அகலாங்கு – ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே உள்ளது என்பதைக் காட்டும் பாகை
ஆடி – முகம் பார்க்கும் கண்ணாடி. இங்கே, தொலைநோக்கியின் ஒளி திரட்டும் கண்ணாடி
முப்பட்டகம் – ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும் மூன்று பக்கக் கண்ணாடிக் கட்டை

விடை எழுதுக

1. முந்தைய இரவின் குறிப்பைப் பார்க்காமல் இன்றைய அளவை எழுத வேண்டும் என்பது ஏன்?
2. ஒரே மீனைப் பார்த்த இருவர் வெவ்வேறு அளவுகளை எழுதக் காரணம் யாது?
3. ஒளிப்படத் தகட்டில் வால்மீனின் புள்ளி மட்டும் இழுபட்டுத் தோன்றியது எதனால்?
4. காவலூரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த மூன்று தேவைகளை உம் சொற்களில் எழுதுக.
5. 'அவர் கொடுத்த விலை சிறிதன்று' – அந்த விலை யாது? அதனைக் கொடுத்தது சரியே எனக் கருதுகிறீரா? உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.

செய்து பார்க்க

கையை முன்னே நீட்டி விரல்களை மடக்குக. அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. பிப்ரவரி மாதத்தில் ஓர் இரவு ஒன்பதரை மணி அளவில், பெரியவர் ஒருவருடன் மொட்டைமாடிக்குச் செல்க. வடக்கே துருவ விண்மீனைத் தேடுக. அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரத்தில் உள்ளது? பின்பு தெற்கே திரும்புக. மிகப் பொலிவுடைய சிரியஸ் என்னும் மீனுக்குக் கீழே அகத்திய விண்மீன் தெரியும். அது எத்தனை முட்டி உயரம்? ஹிஞ்சேவாடியில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்தில், 19 பாகை அளவில் நிற்கும். உயர்ந்த தெற்கைத் தாழ்த்தி நிலத்தைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே வந்தார் என்னும் பழங்கதையை உம் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டறிக.

அடுத்த விடுமுறைக்குச் சொந்த ஊருக்குச் செல்லும்போது துருவ விண்மீனை மீண்டும் அளந்து பார்க்க. ஊர் திருநெல்வேலிப் பக்கமாயின் ஒரு முட்டி உயரமும் தேறாது. அங்கே கண்ட அளவையும் இங்கே கண்ட அளவையும் நாள், நேரம், இடம் குறித்துக் குறிப்பேட்டில் அருகருகே எழுதுக. அளவுகள் பொருந்தவில்லை என்றாலும் கண்டதையே எழுதுக.